ஆப்பை அழித்த பிறகும் பணம் பிடிக்கிறார்களே!

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். வயது 46. தனியார் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் வேலை. கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். வீட்டில் மாமியாரும் பிளஸ் டூ படிக்கும் மகளும் இருக்கிறார்கள். மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறார்.

போன வருடம் தீபாவளி சமயத்தில் ‘ஒரு ரூபாய்க்கு ஏழு நாள்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு ஓடிடி ஆப்பில் சேர்ந்திருக்கிறார். எட்டாம் நாள் கணக்கிலிருந்து 1,499 ரூபாய் போனது. ‘சரி, பார்க்கத்தானே செய்கிறோம்’ என்று விட்டுவிட்டார். மகள் பிளஸ் டூ போகிறாள் என்பதால் ஏப்ரலில் அந்த ஆப்பை டிவியிலிருந்தும் போனிலிருந்தும் அழித்திருக்கிறார். போன வாரம், ஸ்கூல் பீஸ் கட்ட எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து மறுபடியும் 1,499 ரூபாய் போய்விட்டது. பின் எண் கேட்கவில்லை, ஓடிபி வரவில்லை. கஸ்டமர் கேர் சாட்டில் கேட்டால் ‘திருப்பித் தர இயலாது’ என்ற ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறார்கள்.

அவர் கேட்பவை இவை. இது திருட்டுதானே, சைபர் கிரைமில் புகார் கொடுக்கலாமா? சந்தாவைப் பாதியில் நிறுத்தினால் மகனின் சிபில் ஸ்கோர் கெடுமா? எல்லா ஓடிடியையும் நிறுத்திவிட வேண்டும் என்று நினைக்கிறேன், ஆனால் மாமியாருக்கு சீரியல், கணவருக்கு கிரிக்கெட், மகளுக்கு கொரியன் தொடர் என்றிருக்கும்போது என்ன செய்வது? அக்கா மகன் ‘வருஷம் ஆயிரம் ரூபாய் கொடுத்தால் எல்லா ஓடிடியும் வருகிற பெட்டி’ ஒன்றை வாங்கித் தருகிறேன் என்கிறானே, வாங்கலாமா?

சகோதரி, முதலில் புகார் விஷயம். சைபர் கிரைமுக்குப் போக வேண்டாம். கோபம் நியாயமானதுதான், ஆனால் போக வேண்டிய கதவு அது இல்லை.

அன்று போட்ட பின் எண்

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில் ‘ரூ.1’. அதற்குக் கீழே, வெளிர் சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்கிற மாதிரி மூன்று வரிகள்: ஆட்டோபே, ஆண்டுக்கு ஒருமுறை, ரூ.1,499 வரை. கடைசியில் செல்லுபடியாகும் காலம் என்று 2053ஆம் ஆண்டு. அதாவது உங்கள் மகள் ஐம்பது வயதை நெருங்கும் வரை அவர்கள் வருடாவருடம் பணம் எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் சம்மதம் கொடுத்திருக்கிறீர்கள். அன்று போட்ட பின் எண், ஒரு ரூபாய்க்கு மட்டும் போட்டதல்ல.

இந்த ஏற்பாட்டுக்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் இருக்கின்றன. 2019இல் கார்டுகளுக்கு வந்த விதி, அடுத்த ஆண்டு யுபிஐக்கும் விரிந்தது. ஆரம்பத்தில் ஒருமுறை வாடிக்கையாளர் பின் எண்ணோ ஓடிபியோ போட்டு ஒப்புக்கொண்டால், அதன்பிறகு ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியதில்லை. 2022 ஜூன் முதல் அதற்கான உச்சவரம்பு 15,000 ரூபாய். உங்கள் 1,499 அதற்குள் அடங்கிவிடுவதால்தான் சத்தமில்லாமல் போனது.

‘மூன்று வேலை நாளுக்குள் வங்கியில் சொன்னால் முழுப் பணமும் திரும்ப வரும்’ என்று மகன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு ரிசர்வ் வங்கி விதி 2017இலிருந்து இருப்பது உண்மை. ஆனால் அது உங்கள் சம்மதமே இல்லாமல் மூன்றாம் ஆள் யாரோ பணத்தை எடுத்தால் பொருந்துவது. உங்கள் கதையில் சம்மதம் வாங்கிய விதம்தான் கோணல், சம்மதம் இருக்கிறது. ‘எனக்குத் தெரியவே தெரியாது’ என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்தால், அவர்கள் அந்தப் பின் எண் பதிவை எடுத்து நீட்டுவார்கள். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மைகளுக்கும் மதிப்பு குறைந்துவிடும்.

வங்கியிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஆட்டோபேக்கான விதியில், பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும் என்று இருக்கிறது. யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில், எதற்காகப் போகிறது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்த ஒரு தவணையையோ மொத்த ஏற்பாட்டையோ வேண்டாம் என்று சொல்ல அதிலேயே வழி இருக்க வேண்டும். ‘எனக்கு எந்த மெசேஜும் வரவில்லை’ என்கிறீர்கள். அதை எழுத்தில் கொடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், ‘லோன் வேண்டுமா, லோன் வேண்டுமா என்று தொந்தரவு தாங்காமல் பேமென்ட் ஆப்பின் நோட்டிபிகேஷனை நிறுத்தி வைத்திருக்கிறேன்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அறிவிப்பு அந்த வழியாக வந்து, நீங்கள் பார்க்காமல் இருந்திருக்கலாம். ஆப்புக்குள் போய்ப் பழைய அறிவிப்புகளைத் தேடுங்கள். எஸ்எம்எஸ் பெட்டியையும் பாருங்கள். வங்கியில் பதிவாகியிருப்பது உங்கள் இப்போதைய எண்தானா என்பதையும் உறுதிசெய்யுங்கள். எங்கேயும் இல்லை என்றால், அது உங்களுக்கு நல்ல ஆதாரம். வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது.

நிறுத்துவது எங்கே?

ஆப்பை அழிப்பது என்பது வீட்டில் வாங்கும் பேப்பரைப் படிக்காமல் பரணில் போடுவது மாதிரி. பேப்பர்காரர் மாதக் கடைசியில் பில்லோடு வந்து நிற்கத்தான் செய்வார். சந்தா இருக்கும் இடம் உங்கள் போன் இல்லை. ஒன்று அந்த நிறுவனத்தில் உள்ள உங்கள் கணக்கு, இன்னொன்று பணம் பிடிக்கும் இடம். இரண்டிலும் நிறுத்த வேண்டும்.

ஆகவே ஆப்பை மறுபடி ஏற்றுங்கள், அல்லது அவர்களுடைய இணையதளத்தில் உள்ளே போங்கள். கணக்கு, சந்தா என்ற பகுதிகளுக்குள் ‘ரத்து’ இருக்கும். அதை அழுத்தினால் ‘போகாதீர்கள்’ என்று இரண்டு மூன்று பக்கங்கள் வரும், பாதி விலைக்குத் தருகிறோம் என்பார்கள். கடைசிப் பக்கம் வரை போய், ரத்தானதாக வரும் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அப்புறம் உங்கள் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த நிறுவனத்தின் பெயருக்கு எதிரே உள்ள அனுமதியை ரத்து செய்யுங்கள். அப்போது பின் எண் கேட்கும். பணம் போய்விடுமோ என்று பயந்து பலர் அந்த இடத்தில் திரும்பிவிடுகிறார்கள். அது ரத்து செய்வது நீங்கள்தான் என்று உறுதிப்படுத்துவதற்காகக் கேட்பது, தைரியமாகப் போடலாம்.

நீங்கள் அனுப்பிய சந்தாப் பட்டியலில் இருக்கும் மாதம் 199 ரூபாய் ஆப், கூகுள் பிளே ஸ்டோர் வழியாக எடுத்தது. அதை அந்த ஆப்புக்குள் தேடினால் கிடைக்காது. பிளே ஸ்டோரில் மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட், சப்ஸ்கிரிப்ஷன் என்ற இடத்தில்தான் நிறுத்த முடியும்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடி, முதலில் வரும் எண்ணுக்கு போன் செய்யாதீர்கள். ‘சந்தாவை நாங்களே ரத்து செய்து பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், இந்த ஆப்பை ஏற்றுங்கள், திரையைக் காட்டுங்கள்’ என்று பேசும் கும்பல்கள் இதற்கென்றே இருக்கின்றன. 1,499க்காகப் போய் மொத்தக் கணக்கையும் இழந்தவர்கள் உண்டு. அப்படி ஏதாவது நடந்தால்தான் 1930 என்ற சைபர் கிரைம் எண், அதுவும் உடனே.

மகனின் சிபில் ஸ்கோர் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். ஓடிடி சந்தா முன்பணம் கட்டிப் பார்ப்பது. கடன் இல்லை. நிறுத்தினால் பார்க்க முடியாமல் போகும், அவ்வளவுதான். அவருடைய கிரெடிட் கார்டில் மாதம் 299 போகிறதே, அந்த கார்டின் பில்லைக் கட்டாமல் விட்டால்தான் ஸ்கோர் அடிவாங்கும். அந்தச் சந்தாவுக்கு அனுமதி கொடுத்தது அவர், அதனால் நிறுத்த வேண்டியதும் அவர்தான். நீங்கள் இங்கிருந்து செய்ய ஒன்றுமில்லை.

பணத்தைத் திரும்பக் கேட்பது

வருடச் சந்தாவைப் பாதியில் நிறுத்தினால் மீதி மாதங்களுக்குப் பணம் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை பலருக்கும் இருக்கிறது. பெரும்பாலான நிறுவனங்களின் நிபந்தனைகளில் அப்படிக் கிடையாது. நிறுத்தினாலும் கட்டிய காலம் முடியும் வரை பார்க்கலாம் என்பதே வழக்கம். ஆனால் உங்கள் நிலைமையில் இரண்டு விஷயங்கள் உங்களுக்குச் சாதகமாக இருக்கின்றன. ஏப்ரலிலிருந்து நீங்கள் அந்தக் கணக்கைத் தொடவே இல்லை. அது அவர்களுடைய பதிவிலேயே இருக்கும். இரண்டாவது, ஒரு ரூபாயைக் கொட்டை எழுத்திலும் வருடச் சந்தாவை எறும்பு எழுத்திலும் காட்டிய அந்தத் திரை.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று ‘டார்க் பேட்டர்ன்’களுக்கு எதிராக வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. வாடிக்கையாளரை ஏமாற்றிச் சம்மதிக்க வைக்கும் திரை வேலைகளில் 13 வகைகளை அதில் பட்டியலிட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று சந்தாப் பொறி. ரத்து செய்யும் வழியை மறைத்து வைப்பது, அதைச் சிக்கலாக நீட்டி வைப்பது, இலவசச் சந்தாவுக்கே ஆட்டோ டெபிட் அனுமதி கேட்டுக் கட்டாயப்படுத்துவது எல்லாம் இதில் வரும். உங்கள் விஷயத்தில் எதிர்த் தரப்பு வக்கீல் என்ன சொல்வார் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்: ‘இது இலவசம் இல்லை ஐயா, ஒரு ரூபாய் வாங்கியிருக்கிறோம்.’ அந்த ஒரு ரூபாய் எதற்கு என்று இப்போது புரிகிறதா? அதனால் இலவசம் என்ற வாதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளாமல், எழுத்தின் அளவையும் ரத்து பட்டன் ஒளிந்திருக்கும் இடத்தையும் முன்னால் வையுங்கள்.

சாட்டில் சண்டை போடுவதை நிறுத்திவிட்டு, அவர்களுடைய இணையதளத்தில் குறைதீர் அதிகாரி என்று ஒருவரின் மின்னஞ்சல் கொடுத்திருப்பார்கள், அதற்கு எழுதுங்கள். நீளமாக வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

“எனது கணக்கு எண் இது. இத்தனாம் தேதி ரூ.1,499 ஆட்டோபே மூலம் பிடிக்கப்பட்டுள்ளது. ஏப்ரல் முதல் இந்தச் சேவையை நான் பயன்படுத்தவில்லை என்பதை உங்கள் பதிவுகளில் சரிபார்க்கலாம். ஒரு ரூபாய் சலுகையில் சேர்ந்தபோது வருடப் பிடித்தம் தெளிவாகக் காட்டப்படவில்லை, ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன். சந்தாவை இன்று ரத்து செய்துவிட்டேன். 15 நாட்களுக்குள் தொகையைத் திருப்பித் தரவும். தவறினால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.”

ஒப்புதல் எண் வந்தால் குறித்து வையுங்கள். பயன்படுத்தாத கணக்கு என்றால் இந்த ஒரு கடிதத்திலேயே சில நிறுவனங்கள் பணத்தைத் திருப்பிவிடுவதுண்டு. அது அவர்கள் நல்லெண்ணம், எழுதிய எல்லோருக்கும் கிடைத்துவிடுவதில்லை. வரவில்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். அவர்கள் புகாரை நேராக நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். எனக்குத் தெரிந்து சின்னத் தொகை விவகாரங்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போவதில்லை.

அதற்கு மேலும் போக வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நிபந்தனைகளில் ‘மும்பை நீதிமன்றம் மட்டுமே’ என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் ஆணையத்துக்குக் கட்டணமே இல்லை. வக்கீல் வைக்கவும் கட்டாயமில்லை. பணம் போன நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. ஆனால் 1,499 ரூபாய்க்கு அத்தனை வாய்தா உங்களுக்குத் தேவையா என்று கேட்டால், தனிப்பட்ட முறையில் தேவையில்லை என்றுதான் சொல்வேன். வக்கீலான நான் இதில் என் தொழிலுக்கு நானே உலை வைத்துக்கொள்கிறேன், பரவாயில்லை. 1915இல் பதிவாகும் புகார்கள் சேரச் சேர அந்த நிறுவனத்தின் மீது பார்வை விழும். அந்த அளவில் செய்துவிட்டு நகருங்கள்.

அந்த ஆயிரம் ரூபாய் பெட்டி

வேண்டாம். எல்லா ஓடிடியும் வருடம் ஆயிரம் ரூபாய்க்கு வருகிறது என்றால் அது திருட்டுப் பிரதியைத் தவிர வேறொன்றும் இல்லை. அதை விற்பவருக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும், 50,000 முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் உண்டு. வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவரையும் பிடிப்பார்களா என்றால், அப்படிப் பிடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பயமுறுத்துவதற்காகப் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அக்கா மகன் நாலு வீட்டுக்கு வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு நூறு ரூபாய் எடுத்துக்கொண்டால் அவன் பார்ப்பவன் இல்லை, விற்பவன். இதை அவனிடம் சொல்லுங்கள்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. அந்தப் பெட்டிக்குள் பிளே ஸ்டோரில் இல்லாத ஆப்களை நிறுவும் ஏபிகே கோப்புகளை ஏற்றுவார்கள். அதே கோப்பை உங்கள் போனிலும் ஏற்றச் சொல்வார்கள். நீங்கள் யுபிஐ வைத்திருப்பது அந்த போனில்தானே? பணம் போவது யாரோ ஒருவரின் சொந்தக் கணக்குக்கு. மூன்றாம் மாதம் பெட்டி இருண்டுவிட்டால் 1915க்கு போன் செய்து என்ன சொல்வீர்கள்?

யாருக்கு என்ன வேண்டும்?

இனி நீங்கள் கடைசியில் கேட்ட, ஆனால் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. உங்கள் பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். வருடச் சந்தா 1,499, மாதம் 199 வீதம் 2,388, மகன் கட்டும் 299 வீதம் 3,588, கணவரின் விளையாட்டு ஆப் 899. மொத்தம் 8,374 ரூபாய். இதில் ஒரு வேடிக்கை. நீங்கள் சேர்த்து அனுப்பிய பிராட்பேண்ட் பில்லின் இரண்டாம் பக்கத்தில், உங்கள் பிளானோடு கிடைக்கும் ஓடிடிகள் என்று ஒரு வரிசை இருக்கிறது. அதில் நீங்கள் மாதம் 199 கொடுக்கும் அதே ஆப்பும் இருக்கிறது. அந்த 2,388 ரூபாயை நாளைக்கே நிறுத்தலாம், வீட்டில் ஒருவருக்கும் எதுவும் குறையாது.

என்னையும் சொல்லிக்கொள்கிறேன். ஊருக்கெல்லாம் ஆலோசனை எழுதும் எனக்கு, தூக்கம் வர இசை போடும் ஒரு ஆப் பதினான்கு மாதம் பணம் பிடித்துக்கொண்டிருந்தது ஆடிட்டர் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

மாமியாரின் சீரியல் டிவி சேனலில் வருவதுதான். தவறவிட்ட எபிசோடுக்காகத்தான் ஆப் தேவைப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கேபிள் இருக்கும்போது, மறுநாள் காலை மறு ஒளிபரப்பு இருக்கிறதா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள், நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். பழைய படங்கள் பிடிக்கும் என்றால், உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களே தங்கள் யூடியூப் சேனல்களில் முழுப் படங்களை ஏற்றியிருக்கிறார்கள், விளம்பரத்தோடு இலவசம், சட்டப்படியும் சரி. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2024 நவம்பரில் ‘வேவ்ஸ்’ என்று ஒரு ஓடிடியைத் தொடங்கியது, அதிலும் கணிசமானவை இலவசம். உங்கள் பக்கம் கோடை பண்பலை 100.5 தெளிவாகக் கேட்கும். அடுப்படியில் ஒரு சின்ன ரேடியோ வைத்துப் பாருங்கள். மாமியார் தலைமுறைக்கு அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

கணவரின் கிரிக்கெட்டில்தான் சட்டம் கொஞ்சம் உதவுகிறது. 2007இல் வந்த ஒரு சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று அரசு அறிவித்த ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் சேனல்கள் பிரசார் பாரதியோடு பகிர்ந்தாக வேண்டும். இந்திய ஆண்கள் அணி ஆடும் ஒருநாள், டி20 சர்வதேசப் போட்டிகள் அதில் வரும். இதில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. ‘எங்கள் வீட்டு கேபிளிலும் தூர்தர்ஷன் வருகிறதே, மேட்ச் நேரத்தில் வேறு ஏதோ ஓடுகிறதே’ என்பார்கள். காரணம், 2017இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. பகிரப்பட்ட அந்த ஒளிபரப்பு தூர்தர்ஷனின் சொந்தத் தரைவழி ஒளிபரப்பிலும் டிடி ஃப்ரீ டிஷ்ஷிலும்தான் வரலாம், தனியார் கேபிள், டிடிஎச் வழியாக அல்ல. ஃப்ரீ டிஷ்ஷுக்கு ஒருமுறை டிஷ் ஆன்டெனாவும் பெட்டியும் வாங்கி மாட்டும் செலவுதான், மாதச் சந்தா கிடையாது. தமிழ் சேனல்கள் அதில் குறைவு, மாமியாருக்கு உதவாது. ஐபிஎல் அந்தச் சட்டத்துக்குள் வராது. அதற்கு வருடம் முழுக்கப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆட்டம் நடக்கும் இரண்டு மாதத்துக்கு மட்டும் மாதச் சந்தா எடுத்து, எடுத்த அன்றைக்கே ரத்தும் செய்துவிடுங்கள். கட்டிய மாதம் முடியும் வரை பெரும்பாலான ஆப்கள் ஓடும்.

இதே முறையை வீட்டுக்கே பொதுவாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. ஒட்டுமொத்தமாக எல்லாவற்றையும் நிறுத்துகிறேன் என்று நீங்கள் எடுத்த முடிவு பத்து நாள் தாங்காது என்று நினைக்கிறேன். பதினோராம் நாள் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் புதிய சந்தா எடுப்பார்கள், மறுபடி ஒரு ரூபாய் சலுகையில். அதற்குப் பதில் ஒரு நேரத்தில் ஒரே ஓடிடி, மாதச் சந்தா மட்டும், எந்த மாதம் எது என்பதை வீட்டில் பேசி முடிவு செய்வது. ஆட்டோபே எல்லாம் ஒருவர் போனில், உங்கள் போனில், இருக்கட்டும்.

மகளைப் பற்றி நீங்கள் எழுதிய வரியில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஏப்ரலில் ஆப்பை அழித்தபோது அவளிடம் சொல்லவே இல்லை, ‘டிவி ரிப்பேர்’ என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பதினேழு வயதுப் பெண் அதை நம்பியிருப்பாள் என்று நினைக்கிறீர்களா? நான் மனநல ஆலோசகர் இல்லை, வக்கீல். இருந்தாலும் சொல்கிறேன், பரீட்சை வரை வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். பெரும்பாலும் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே கேட்பாள்.

அப்புறம், நீங்கள் ஏற்கனவே கட்டிக்கொண்டிருக்கும் ஒரு சந்தா இருக்கிறது. பட்டியலில் அதை எழுத மறந்துவிட்டீர்கள். சொந்த வீடு என்றீர்களே, வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று இருக்கும், சொத்து வரியில் 10 சதவீதம். 1948இல், சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதன் பாடுபட்டுக் கொண்டுவந்த சட்டம் அது. அந்தச் சட்டத்தின் பேரில் இன்றும் வசூலாகும் பணம் இது. சொத்து வரி 1,200 என்றால் அதற்கு மேல் 120 ரூபாய் உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கும் சேர்த்துத்தான். இந்தச் சந்தாவை ரத்து செய்ய எந்தப் பட்டனும் கிடையாது, ஆகவே பயன்படுத்திவிடுவது மேல். ஒரு சின்ன வைப்புத்தொகை கட்டி உறுப்பினராகிப் புத்தகம் வீட்டுக்கு எடுத்து வரலாம். மகளுக்கும் அமைதியாக உட்கார்ந்து படிக்க ஓர் இடம் கிடைக்கும். மதுரை கைக்கெட்டும் தூரம் என்றால், 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தக் குடும்பமும் போய் வரலாம். நடக்க முடியாத நாட்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், 1998இலிருந்து தன்னார்வலர்கள் நடத்தும் இணைய நூல் தொகுப்பான மதுரைத் திட்டமும் இருக்கின்றன. நாட்டுடைமையான எழுத்தாளர்களின் நாவல்களை போனிலேயே காசில்லாமல் படிக்கலாம், யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். ‘ஏப்ரலிலிருந்து பயன்படுத்தவில்லை’ என்று எழுதிவிட்டு, ரத்து செய்யப் போன நேரத்தில் ‘ஏற்கனவே பணம் போய்விட்டதே’ என்று ஒரு படத்தைப் போட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்தின் பலமே அந்த ஒரு வரிதான். பணம் திரும்ப வராது என்று முடிவான பதில் வந்துவிட்டால், அடுத்த வருடம் வரை அந்த ஆப் உங்களுடையதுதான், மகளின் பரீட்சை முடிந்ததும் எல்லோருமாக உட்கார்ந்து பாருங்கள். அதுவரை அதைத் திறக்க வேண்டாம் என்று மாமியாரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.